ரேடியேட்டர் மூடியைத் திறக்குமுன்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மலையேறும் கார்களில் சில, வழியில் சூடேறி நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். தாழ்ந்த கியரில் எஞ்சின் கடுமையாக உழைக்கிறது. வண்டி மெதுவாகச் செல்வதால் ரேடியேட்டரில் மோதும் காற்றும் குறைவு.

உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் குறையும். சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் நீர் ஏறத்தாழ 93° செல்சியசிலேயே கொதிக்கிறது. எஞ்சினைச் சுற்றியோடும் நீரோ 90° வரை சூடாவது இயல்பு. அப்படியானால் எல்லாக் கார்களிலும் அது ஏன் கொதிப்பதில்லை?

காரணம் ரேடியேட்டர் மூடி. அதிலுள்ள சுருள்வில், உள்ளே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாகச் சேரும்வரை ஆவியை வெளியே விடுவதில்லை. பிரஷர் குக்கரின் தத்துவமே இது! கொதிநிலை 110°-க்கு மேல் உயர்கிறது. நீருடன் எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் ஊற்றினால் இன்னும் சற்று உயரும்.

சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் வீழ்ந்துவிடும். உள்ளிருக்கும் நீர் திடீரெனக் கொதித்து, ஆவியும் வெந்நீருமாய்ப் பீறிட்டு முகத்தையும் கையையும் சுட்டுவிடும். ஆகவே எஞ்சினை நிறுத்தி, நன்கு ஆறிய பின்னரே திறக்க வேண்டும்.

கூலன்டில் உள்ள துருத்தடுப்புப் பொருள்கள் நாளடைவில் தீர்ந்துபோவதால், குறித்த காலத்தில் அதை மாற்றுவது அவசியம். வடித்த கூலன்டைத் தரையில் கொட்டாதீர்கள். இனிப்புச் சுவையுடைய கிளைக்கால் நஞ்சு. நாயும் பூனையும் நக்கினால் உயிரிழக்கும்.