கல்லில் நிற்கும் அரசிகள்

குற்றாலத்துல குளிச்சு முடிச்சு, தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்கு வந்தா, தூண்ல நிக்கிற ரதியோட அழகைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம், இல்லையா? ஆனா ரதி தெய்வப் பெண். ஒரு கேள்வி: நம்மைப் போல பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணை, ஒரு அரசியை, நம்ம ஊர்ச் சிற்பிகள் கல்லில் வடிச்சிருக்காங்களா?

வடிச்சிருக்காங்க! அதைப் பார்க்க மதுரைக்குப் போகணும். மீனாட்சியம்மன் கோயிலோட கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கு புதுமண்டபம். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டினது. அந்தத் தூண்கள்ல நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிக்கிறாங்க. பக்கத்திலேயே அவங்க அரசிகளும் நிக்கிறாங்க. கொண்டையும், நகையும், சேலை மடிப்பும் உளிபட்டு உயிர் பெற்றிருக்கு. கேமரா இல்லாத காலத்துல எடுத்த குடும்பப் படம்னே இதைச் சொல்லலாம். அந்தக் காலத்து அரண்மனைப் பெண்கள் எப்படி உடுத்தினாங்க, எப்படித் தலை முடிஞ்சாங்கன்னு இன்னைக்கு நமக்குக் காட்டுறது இந்தச் சிலைகள்தான்.

அடுத்த முறை தென்காசியில் ரயிலேறி மதுரைக்குப் போனா, மீனாட்சியைக் கும்பிட்டுட்டு, புதுமண்டபத்து அரசிகளையும் ஒரு முறை பார்த்துட்டு வாங்க. கூடவே பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க. கண்ணால பாருங்க, கைபடாம காப்பாத்துங்க!