கடையைக் கடலில் வைக்கலாமா?

சென்னை பாலவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒரு தெருவில் சிறிய தையற்கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு தையல் இயந்திரங்கள், கடைக்காரர் ஒருவர், உதவியாள் ஒருவர். பெயர்ப்பலகை சாலையிலிருந்து தெரியாது. முன்பு தெருமுனையில் விசாரித்துக்கொண்டு வந்தவர்கள், இன்று கைபேசியில் 'அருகில் உள்ள தையற்கடை' என்று தேடுகிறார்கள். கைபேசி தவறான இடத்தைக் காட்டினால் என்ன ஆகும்? வந்தவர் அலைந்து சலித்து வேறு கடைக்குப் போய்விடுவார். தமக்கு வரும்படி ஏன் குறைந்தது என்பதே தையற்காரருக்குத் தெரியாது.

கூகுள் வரைபடம், ஜஸ்ட்டயல் போன்றவை பழைய டெலிபோன் டைரக்டரியின் வாரிசுகள் ஆகும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பழைய டைரக்டரியில் பெயரும் விலாசமும் தொலைபேசி எண்ணும் இருந்தன. இணைய டைரக்டரியிலோ கடை இருக்கும் இடமும் எண்ணாகப் பதிவாகிறது. 'பிள்ளையார் கோயிலுக்கு எதிரில்' என்றால் நமக்குப் புரியும். தூரத்தைக் கணக்கிடக் கணிப்பொறிக்கு எண்கள் வேண்டும்.

இரண்டு எண்கள்

அந்த எண்கள் அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான். பாலவாக்கத்திற்கு அவை ஏறக்குறைய வடக்கு 12.96 பாகை, கிழக்கு 80.26 பாகை. அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர் தூரத்தைக் குறிக்கும். தீர்க்கரேகைகள் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குகின்றன அல்லவா? ஆகவே நம் ஊரில் தீர்க்கரேகையின் ஒரு பாகை, 111 பெருக்கல் கொசைன் 13 பாகை, அதாவது சுமார் 108 கிலோமீட்டர்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். இரண்டாம் தசமத்தானத்தில் ஓர் எண் மாறினால் பிழை 0.01 பாகை. தீர்க்கரேகையில் அது ஒரு கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். 80.26 என்பதை 80.27 என்று எழுதிவிட்டால், தையற்கடை வங்காள விரிகுடாவில் மிதக்கும்! நான்காம் தசமத்தானத்தில் ஓர் எண் மாறினாலோ பிழை 11 மீட்டர்தான். அடுத்த வீட்டு வாசலோடு போயிற்று. இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதினால் என்ன நேரும்? குறி வடக்கு 80 பாகையைத் தாண்டி, நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் போய் விழும்!

எண்கள் வரும் வழி

பூமியில் ஓர் இடத்தைத் துல்லியமாக அளப்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன், பாலவாக்கத்திற்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பரங்கிமலைக்கு அருகே, சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் கோணங்களை அளந்து, முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளக்கும் பணி தொடர்ந்தது.

கைபேசி கோணங்களை அளப்பதில்லை; நேரத்தை அளக்கிறது. ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் ரேடியோ அலைகள் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. அலை புறப்பட்ட நேரத்தையும் வந்த நேரத்தையும் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. கைபேசியின் கடிகாரம் அவ்வளவு துல்லியமானதல்ல என்பதால், அதன் பிழையையும் நீக்க நான்கு கோள்களாவது தேவை. நொடியில் பத்துலட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிழை வரும்!

காங்கிரீட் கூரையின் கீழ் அலைகள் வலுவிழக்கின்றன. சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் கூடுதல் தூரம் பயணம் செய்து வருகின்றன. ஆகவே கடைக்குள் உட்கார்ந்துகொண்டு இடத்தைப் பதிவு செய்யக் கூடாது. வாசலுக்கு வெளியே, வானம் தெரியும் இடத்தில் நின்று பதிவு செய்ய வேண்டும்.

விலாசமும் வேண்டும்

எண்கள் சரியாக இருந்தால் போதுமா? விலாசமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பாலவாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018-இல் சென்னை மாவட்டம் விரிவடைந்தபோது காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து அதற்கு மாறியது. ஒரு டைரக்டரியில் பழைய மாவட்டமும் மற்றொன்றில் புதிய மாவட்டமும் இருந்தால், ஒரே கடை இரண்டு கடைகளாகத் தோன்றலாம். அஞ்சல் எண்ணை மட்டும் கொடுப்பதும் போதாது. 600041 என்பது திருவான்மியூருக்கும் உரியது.

கூகுள் தன் தேடலில் கடைகளை வரிசைப்படுத்த முக்கியமாக மூன்றைப் பார்க்கிறது: தேடிய பொருளுக்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடையின் பிரபலம். பிரபலம் ஒரே நாளில் வராது. ஆனால் தூரம் சிறிய கடைக்குக் கைகொடுக்கும். பெரிய கடைகளை விட அது தெருவாசிகளுக்கு அருகில் இருக்கிறது அல்லவா? இடக்குறி தவறினால் அந்த ஒரே அனுகூலமும் பறிபோகிறது.

செய்து பாருங்கள்

உங்கள் தெருவில் உள்ள ஒரு சிறு கடைக்காரரின் அனுமதியோடு அவர் கடையைத் தேடிப் பாருங்கள். பெயர், விலாசம், தொலைபேசி எண், திறக்கும் நேரம் நான்கும் சரியா? பிறகு தெருமுனையிலிருந்து, வரைபடம் காட்டும் வழியிலேயே நடந்து செல்லுங்கள். குறி கடைவாசலில் முடிகிறதா? இல்லையெனில் திருத்தம் அனுப்ப உதவுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கூகுளில் கடையைப் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. 'முதலிடம் வாங்கித் தருகிறோம்' என்று யாராவது பணம் கேட்டாலோ, ஓ.டி.பி. எண்ணைக் கேட்டாலோ கொடுக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். நண்பர்களைக் கூட்டிப் பொய்யான பாராட்டு எழுதுவதும் வேண்டாம். அளவீட்டில் பொய் கலந்தால் அது அளவீடே அல்ல.

பரிசோதனைச் சாலையில் அளவுகோலைச் சரியாகப் படித்தால் உங்களுக்கு மதிப்பெண் கிடைக்கும். இங்கே நான்கு தசமத்தானங்களைச் சரியாகப் படித்தால், ஒரு குடும்பத்தின் பிழைப்புக்கு வழி திறக்கும்.