டெல்டா வீட்டு மாடிக்கு எந்தத் தக்காளி? தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 ஜூலை மாதத்தை எந்தச் சமையலறையும் சுலபத்தில் மறந்துவிடாது. தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் தமிழக அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டிய நிலைமை வந்தது. வீட்டில் ரசத்துக்குப் புளியைக் கூட்டினோம், சட்னிக்குத் தக்காளியை விட்டுவிட்டுத் தேங்காய்க்குப் போனோம். அந்த ஒரு மாதத்தில்தான் பலருக்கு மொட்டை மாடி ஞாபகத்துக்கு வந்தது.

நீடாமங்கலம் பக்கம் இந்தக் கேள்விக்கு இன்னொரு கோணமும் உண்டு. ஊருக்குப் பக்கத்தில், மூணாறு தலைப்பில், வெண்ணாறு பிரிந்து கோரையாறும் பாமணியாறும் கிளம்புகின்றன. சுற்றிலும் குறுவை, சம்பா, தாளடி என்று நெல். அறுப்பு முடிந்தால் உளுந்து, பயறு. ஊருக்கே சோறு போடும் இந்த மண்ணுக்குத் தக்காளி மட்டும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் ஓசூர், கோலார் பக்கமிருந்தும் லாரியில் வருகிறது. தண்ணீர் இருக்கிறது, வெயில் இருக்கிறது, உழைக்கக் கையும் இருக்கிறது. அப்புறம் ஏன் இங்கே தக்காளி சரியாக வருவதில்லை?

களிமண் ஊரில் தொட்டிதான் வசதி

நெல்லுக்குப் பிடித்தது தேங்கும் தண்ணீர். தக்காளிக்கு ஆகாததும் அதுதான். டெல்டாவின் களிமண் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொல்லைப்புறம் இரண்டு நாள் சொதசொதவென்று கிடந்தால், தக்காளி வேருக்குக் காற்று கிடைக்காமல் செடி மஞ்சள் பாரித்துவிடும். கூடவே பாக்டீரியா வாடல் நோய் வரும். காலையில் பச்சையாக நின்ற செடி, இரண்டு மூன்று நாளில் இலை பழுக்காமலேயே தொங்கிப்போகும்.

அதனால், மாடித்தோட்டம் என்பது சென்னைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று டெல்டாவாசிகள் நினைக்கத் தேவையில்லை. கொல்லை நிறைய இடம் இருக்கும் வீட்டுக்கும், தக்காளியைப் பொறுத்தவரை தொட்டியும் பையுமே பாதுகாப்பு. மண்ணை நாம் தேர்ந்தெடுக்கலாம், தண்ணீரை வடியவிடலாம், புயல் அறிவிப்பு வந்தால் தூக்கி உள்ளே வைக்கலாம். 2018 நவம்பரில் கஜா புயலைப் பார்த்த ஊர்களுக்கு இந்தக் கடைசி வசதியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது உயரம்

விதை பாக்கெட்டின் படத்தைப் பார்த்து வாங்குவதுதான் பெரும்பாலானவர்களின் வழக்கம். பழம் சிவப்பா, பெரிதா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: செடி எவ்வளவு உயரம் போகும்?

தக்காளியில் இரண்டு குணம் உண்டு. குட்டை ரகம், இரண்டு மூன்று அடி வளர்ந்ததும் நுனியில் பூ வைத்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். காய்களும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துப் பழுக்கும். நெட்டை ரகம், கொடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். ஆறடிக்கு மேல் போனாலும் ஆச்சரியமில்லை. காயும் கொஞ்சம் கொஞ்சமாக, நீண்ட நாள் வரும். இரண்டுக்கும் நடுவில் அரைக்குட்டை ரகங்களும் இருக்கின்றன.

12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்ட பையில் சுமார் 20 லிட்டர் மண்கலவை பிடிக்கும். ஒரு குட்டைச் செடிக்கு அது போதும். நெட்டை ரகத்துக்கு 15 அங்குலப் பை வேண்டும், உறுதியான பந்தலும் வேண்டும். ஆடிக் காற்றையும் ஐப்பசிப் புயலையும் நினைத்துப் பாருங்கள். காற்றை மறைக்கச் சுவர் இல்லாத மாடியில் ஆறடிக் கொடி நிற்பது கஷ்டம். முதல்முறை வளர்ப்பவர்கள் குட்டை அல்லது அரைக்குட்டை ரகத்தில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பூ உதிர்கிறதா? இரவைக் கவனியுங்கள்

'செடி தளதளன்னு இருக்கு, பூவும் வைக்குது, ஆனா காயே பிடிக்கல' என்பது மாடித்தோட்டக்காரர்கள் அடிக்கடி சொல்லும் குறை. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போடுவார்கள். இலைதான் பெருக்கும்.

பல சமயம் காரணம் வெப்பம். தக்காளி நன்றாகக் காய் பிடிக்க இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி இருந்தால் உத்தமம். பகலில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். டெல்டாவில் சித்திரை, வைகாசி இரவுகளில் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. மார்கழி, தை மாதங்களில்தான் நம் இரவுகள் தக்காளிக்குப் பிடித்த குளிர்ச்சிக்குப் பக்கத்தில் வருகின்றன.

ஆகவே காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். தை மாதம் பூக்க வேண்டும். அதற்கு மார்கழித் தொடக்கத்தில் பையில் நாற்று இருக்க வேண்டும். நாற்றுக்கு 25 நாள். எனவே கார்த்திகை முதல் வாரத்தில், மழை படாத தாழ்வாரத்தில், குழித்தட்டில் விதை போட வேண்டும். மாசியில் பழம் பறிக்கத் தொடங்கி, பங்குனிக் கடைசி வரை பறிக்கலாம். ஆடிப்பட்டத்திலும் போடலாம், ஆனால் வெயில் அடங்காத ஊரில் விளைச்சல் குறைவாகத்தான் இருக்கும்.

எந்தெந்த ரகம்?

பி.கே.எம். 1: தேனி பக்கத்து அன்னஞ்சியின் பெயர் கொண்ட நாட்டு ரகத்திலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கியது. பழம் தட்டை உருண்டை; காம்புப் பக்கம் பச்சைத் தோள் இருக்கும். கடையில் 'நாட்டுத் தக்காளி' என்று நாம் தேடும் புளிப்பு இதில் உண்டு. ரசத்துக்கும் தொக்குக்கும் முதல் தேர்வு. விதையை நாமே எடுத்து வைக்கலாம். ஒரே குறை, இலைச்சுருள் நோய்க்கு எதிர்ப்பு இல்லை.

கோ 3: கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பழைய ரகம். 'மருதம்' என்று பெயர். வயல் சூழ்ந்த நம் ஊருக்குப் பொருத்தமான பெயர்தான்! நெருக்கி நடுவதற்காகவே வந்த கச்சிதமான குட்டைச் செடி. தொட்டிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். விதை கிடைத்தால் விடாதீர்கள். அதே பல்கலைக்கழகத்தின் வீரிய ஒட்டு ரகம் ஒன்றுக்கும் 'கோ 3' என்றே பெயர். அது வேறு, இது வேறு. கடையில் 'ரகமா, ஒட்டு ரகமா' என்று கேட்டு வாங்குங்கள். அந்த ஒட்டு ரகம் இலைச்சுருள் நோயைத் தாங்கும் என்பதால் அதுவும் நல்ல தேர்வே.

அர்கா ரக்ஷக், அர்கா சாம்ராட்: பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வீரிய ஒட்டு ரகங்கள். இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் என்ற மூன்று நோய்களையும் தாங்கும். நம் ஊருக்கு இந்த மூன்றுமே தொல்லைதான். பழம் 90 முதல் 100 கிராம், கெட்டியான தோல். சாம்பாருக்கும் குழம்புக்கும் நன்றாக இருக்கும். புளிப்பு கொஞ்சம் கம்மி. ஒரு செடியில் 19 கிலோ என்று செய்தி வந்தது இந்த ரக்ஷக்குக்குத்தான். அது சொட்டுநீரும் பந்தலும் போட்ட வயல் கணக்கு. 20 லிட்டர் பையில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

செர்ரி தக்காளி: கோலிகுண்டு அளவுப் பழம். சிறிய பழ ரகங்கள் பெரிய பழ ரகங்களைவிட வெயிலில் கொஞ்சம் கூடுதலாகக் காய் பிடிக்கும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் செடியிலிருந்தே பறித்துத் தின்னலாம். பெரும்பாலும் நெட்டைக் கொடி என்பதால் பெரிய பையும் பந்தலும் தேவை. மாடிக் கைப்பிடிச் சுவரோரம் ஒரு செடி வைத்தால் போதும்.

ஆன்லைனில் கறுப்பு, ஊதா, அரைக்கிலோ எடை என்று விற்கும் வெளிநாட்டு விதைகளிலும் ஆசை வரும். பெரிய பழ ரகங்களுக்குக் குளிர்ந்த இரவும் நீண்ட பருவமும் வேண்டும். நம் குளிர்காலமோ இரண்டே மாதம். கைப்பழக்கம் வந்தபிறகு ஒரு செடி வைத்துப் பார்க்கலாம்.

விதை எங்கே, எப்படி?

நீடாமங்கலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. விதையும் உயிர் உரமும் கிடைக்குமா என்று முதலில் அங்கே விசாரியுங்கள். வட்டார தோட்டக்கலை அலுவலகத்தில் மாடித்தோட்டத் திட்டம் எதுவும் நடப்பில் உள்ளதா என்றும் கேட்கலாம். நர்சரியில் நாற்று வாங்கினால், ரகத்தின் பெயரைக் கட்டாயம் கேளுங்கள். 'பெங்களூர் தக்காளி' என்பது ரகத்தின் பெயர் அல்ல. இலையின் அடியில் வெள்ளைப் பூச்சி பறக்கும் நாற்றைத் தொடவே வேண்டாம்.

பாக்கெட்டில் 'எஃப்1' என்று இருந்தால் அது வீரிய ஒட்டு. அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் முளைக்கும். ஆனால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. பி.கே.எம். 1 போன்ற ரகங்களில் நல்ல செடியின் நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, சாற்றோடு ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டு, கழுவி நிழலில் உலர்த்தினால் அடுத்த வருஷத்துக்கு விதை தயார்.

கலவையும் தண்ணீரும்

வயல் களிமண்ணை அப்படியே பையில் போட்டால் செங்கல்லாக இறுகும். செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்பது எளிய கணக்கு. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை அதிகம் என்பதால் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. கட்டியாக வாங்கினால் இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசி உப்பை நீக்குங்கள். ரைஸ் மில்லில் கிடைக்கும் கருகிய உமியையும் ஒரு கைப்பிடி சேர்க்கலாம், வடிகாலுக்கு நல்லது. ஒரு பைக்கு ஒரே செடி. இரண்டு வைத்தால் இரண்டும் சவலைதான்.

தண்ணீர் ஒரே சீராக இருக்க வேண்டும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் பழம் வெடிக்கும். காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதும் பெரும்பாலும் இதனால்தான். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், சீரான ஈரம் இல்லாமல் அது காய் வரை போய்ச் சேராது. பையின் அடியில் தட்டு வைத்திருந்தால் தேங்கும் தண்ணீரைத் தினமும் கொட்டிவிடுங்கள். டெங்குக் கொசுவுக்கு அந்தத் தட்டே போதும்.

காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அது உதிர ஓர் அசைவு வேண்டும், அவ்வளவுதான்.

நோய் வந்தால்

இலை சுருண்டு செடி குறுகிப்போனால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். மருந்து கிடையாது. பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். வராமல் தடுக்க மஞ்சள் ஒட்டும் அட்டையும், வாரம் ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிப்பதும் உதவும்.

செடி திடீரென்று வாடினால், தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தப் பையின் மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் மீண்டும் வைக்காதீர்கள்.

எத்தனை செடி வைக்கலாம்?

கணக்கைத் தெளிவாகவே பார்த்துவிடலாம். பி.கே.எம். 1 வயலில் ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன் தரும் ரகம். 60-க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு ஹெக்டேரில் சுமார் 37,000 செடி. அதாவது, செடிக்கு ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. மாடியில் தனிக் கவனிப்பில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ வந்தாலே நல்ல விளைச்சல். பத்துப் பை வைத்தால் எட்டு வாரத்தில் 10 முதல் 15 கிலோ. சிறிய குடும்பத்தின் சமையலை ஏறக்குறைய ஓட்டிவிடலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தவணையாக விதைத்தால், எல்லாம் ஒரே வாரத்தில் பழுத்துத் திண்டாட வைக்காது.

இந்தப் பத்துப் பைகளால் பணம் மிச்சமாகுமா? 2023-ல் எகிறிய விலை அடுத்த இரண்டு மாதத்துக்குள் சரிந்தும் போனது. அப்படிப்பட்ட நாட்களில் கடைத் தக்காளிதான் மலிவு. ஆனால், லாரியில் ஒரு ராத்திரி குலுங்கினாலும் நசுங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் காயாகவே பறிக்கப்பட்டு, கூடையில் பழுத்தது அந்தத் தக்காளி. செடியிலேயே பழுத்ததைக் கையால் பிழிந்து வைக்கும் ரசத்தின் வாசனை அதில் வராது.

பத்து வேண்டாம், இந்தக் கார்த்திகையில் நான்கு பையோடு தொடங்குங்கள். இரண்டில் பி.கே.எம். 1, ஒன்றில் ரக்ஷக், ஒன்றில் செர்ரி. பங்குனியில் உங்கள் மாடிக்கு எது ஒத்துவந்தது, உங்கள் வீட்டு நாக்குக்கு எது பிடித்தது என்று தெரிந்துவிடும். அடுத்த வருஷம் எந்த விதை என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.