பனிமலை ஆற்றங்கரையில் நிலம் காக்கும் மக்கள்

வாஷிங்டன் என்றதும் அமெரிக்கத் தலைநகரம்தான் நம் நினைவுக்கு வரும். அதே பெயரில் அந்நாட்டின் வடமேற்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டி, ஒரு மாநிலமும் இருக்கிறது. அம்மாநிலத்தில் கேஸ்கேட் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் அமைந்துள்ளது மெத்தாவ் பள்ளத்தாக்கு. மாஸாமா, வின்த்ரோப், ட்விஸ்ப் என விரல்விட்டு எண்ணக்கூடிய சிற்றூர்கள். மலையைக் கடக்கும் நெடுஞ்சாலை 1972ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. பனிச்சரிவு அபாயம் காரணமாகக் குளிர்காலத்தில் பல மாதங்களுக்கு அந்தச் சாலை இன்றும் மூடப்பட்டு விடுகிறது.

பனிமலை வட்டாரம் என்றால் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கேட்கத் தோன்றும். ஆண்டு முழுவதும் மழையைப் பார்த்துப் பழகியவர்கள் அல்லவா நாம்! கடலிலிருந்து வரும் மேகங்கள் மலையின் மேற்குப் பக்கத்திலேயே பெரும்பகுதி மழையைக் கொட்டித் தீர்த்து விடுகின்றன. கிழக்கே உள்ள பள்ளத்தாக்கு வறண்ட பூமி. மலையுச்சியில் குளிர்காலத்தில் சேரும் பனிதான் அவர்களின் நீர்த்தேக்கம். மே, ஜூன் மாதங்களில் அது உருகி ஆறு கரைபுரண்டு ஓடும். ஆகஸ்டு, செப்டம்பரில் மெலிந்து விடும். அந்த மெலிந்த நீரைத்தான் வயலும் வீடும் மீனும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

மீன் என்றால் சாதாரண மீன் அல்ல. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும் சால்மன் இனம். கொலம்பியா நதியில் ஒன்பது அணைகளைத் தாண்டித்தான் அவை மெத்தாவ் ஆற்றுக்கு வந்து சேர முடியும். இங்கு வரும் வசந்தகாலச் சினூக் சால்மன், அழியும் அபாயத்தில் உள்ள இனம் என 1999இல் மத்திய அரசால் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு தூரம் வந்த மீனுக்குத் தேவைப்படுவது குளிர்ந்த நீர், சுத்தமான கூழாங்கல் படுகை, கரையோர மர நிழல் ஆகியவையே. கரையில் மரத்தை வெட்டி வீடு கட்டினால் நிழல் போய்விடும், நீர் சூடேறும்.

இன்னொரு பக்கம், கழுதையைப் போல் நீண்ட காதுகள் கொண்ட மான்கள். கோடையில் மலைமேல் மேயும் இவை, மேலே ஆழமாகப் பனி மூடியதும் உணவு தேடித் தாழ்வான சரிவுகளுக்கு இறங்கி வந்துவிடும். வீடு கட்டுவோரும் சாலை போடுவோரும் தேடுவதும் அதே தாழ்வான நிலத்தைத்தான். சிக்கலின் வேர் இங்குதான் இருக்கிறது.

வழக்கில் தோற்றும் நின்று போன திட்டம்

1970களில் மாஸாமா அருகே சாண்டி பியூட் என்ற மலையில் மாபெரும் பனிச்சறுக்கு உல்லாசத் தலம் அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. ஒரே நேரத்தில் 8,200 பேர் சறுக்கி விளையாட வசதி, அவர்களை மேலே ஏற்றிச் செல்ல 16 தூக்கிகள் எனத் திட்டம் விரிந்தது. மான்கள் 15 விழுக்காடு குறையலாம் என்றது வனத்துறை. பாதியாகவே குறையலாம் என்று அஞ்சியது மாநில வனவிலங்குத் துறை. விறகு அடுப்புப் புகை பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும் என்ற கவலையும் எழுந்தது. ஊர் மக்கள் குழு அமைத்து நீதிமன்றம் சென்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், 1989 மே மாதம் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. பாதிப்புகளை ஆராய்ந்து மக்களுக்குத் தெரிவிப்பதே சட்டம் விதிக்கும் கடமை. பாதிப்பே கூடாது என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பு ஒரு மனதானது.

ஆனாலும் தலம் எழவில்லை. வழக்கிலேயே ஆண்டுகள் ஓடிவிட்டன. பிறகு அதே இடத்தில் கோல்ப் திடலோடு கூடிய வேறொரு திட்டம் வந்தது. அதற்கு வேண்டிய தண்ணீர் உரிமையைப் பெறுவதில் இழுபறி நீடித்தது. 2000ஆம் ஆண்டில் அதுவும் கைவிடப்பட, ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த நிலம் பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் கைக்கு வந்தது. கடைசியில் திட்டத்தை நிறுத்தியது நீதிமன்றமல்ல, தண்ணீர் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தம் எப்படிச் செயல்படுகிறது?

ஒவ்வொரு திட்டத்தையும் நீதிமன்றத்தில் எதிர்த்துக் கொண்டிருக்க முடியுமா? 1996இல் தொடங்கப்பட்ட மெத்தாவ் கன்சர்வன்சி என்ற உள்ளூர் அமைப்பு வேறு வழியில் போயிற்று. அதுதான் நிலப் பாதுகாப்பு ஒப்பந்தம். நிலம் உரிமையாளரிடமே இருக்கும். அவர் பயிர் செய்யலாம், மாடு மேய்க்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். துண்டு போட்டு மனைகளாக விற்கும் உரிமையையும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் கட்டடம் எழுப்பும் உரிமையையும் மட்டும் அவர் நிரந்தரமாக விட்டுக் கொடுக்கிறார். நாளை நிலத்தை வாங்குபவரையும் இந்தப் பத்திரம் கட்டுப்படுத்தும்.

இதில் அவருக்கு என்ன இலாபம்? மனை போட முடியாத நிலத்தின் சந்தை விலை குறையும். அந்தக் குறைவை நன்கொடையாகக் கணக்கிட்டு மத்திய வருமான வரியில் சலுகை பெறலாம். சால்மன் வாழிடமாக இருந்தால் பொது நிதியிலிருந்து பணமே கிடைப்பதுண்டு. அமைப்புக்கு இதனால் தீராத பொறுப்பு. ஆண்டுதோறும் நிலத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். மீறல் நடந்தால் வழக்காட வேண்டும். பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது எளிது. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதைக் காப்பாற்றுவதுதான் கடினம்.

இங்கே 200 கிலோமீட்டர் நீளப் பனிச்சறுக்குப் பாதைகளும் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி தனியார் நிலங்களைக் கடந்து செல்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் வழிவிட்டதால்தான் இது சாத்தியமானது. பெரிய உல்லாசத் தலம் வராத ஊருக்கும் சுற்றுப்பயணிகள் வருகிறார்கள்.

யாருக்கான நிலம்?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. பள்ளத்தாக்கின் பெயரே அங்கு வாழ்ந்த மெத்தாவ் பழங்குடியினரின் பெயர்தான். 1880களில் அவர்களுக்கான ஒதுக்கீட்டு நிலம் இரத்து செய்யப்பட்டு வெள்ளையர் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அவர்களின் சந்ததியினர் இன்று கோல்வில் பழங்குடிக் கூட்டமைப்பின் பன்னிரண்டு இனங்களில் ஓர் இனம். சீவாக் ஆற்றங்கரையில் 328 ஏக்கர் பண்ணை ஒன்று விற்பனைக்கு வந்தபோது, கன்சர்வன்சி நன்கொடை திரட்டி அதை வாங்கி, 2022இல் அக்கூட்டமைப்பிடமே ஒப்படைத்தது. நிலம் காக்கும் அமைப்பு நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளாமல் திருப்பித் தந்தது பாராட்டத்தக்கது.

மற்றொரு சங்கடம் விலை. காட்சி அழகு காக்கப்படக் காக்கப்பட, நகரத்துச் செல்வந்தர்கள் விடுமுறை வீடு தேடி வருகிறார்கள். 2014இல் 250,000 ஏக்கருக்கும் மேல் எரித்த காட்டுத்தீ முந்நூறு வீடுகளை அழித்தது. ஆசிரியரும் தாதியும் கடைச் சிப்பந்தியும் எங்கே குடியிருப்பது? இதற்கென 2017இல் ஒரு வீட்டு அறக்கட்டளை உருவானது. வீடு வாங்குபவருக்குச் சொந்தம். அடிநிலம் அறக்கட்டளையிடமே இருக்கும். வீட்டை மறுபடி விற்கும்போது விலைக்கு வரம்பு உண்டு. அடுத்து வரும் குடும்பமும் தாங்கக்கூடிய விலையில் வாங்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.