‘மாயாபஜார்’ கடையை மூடாத சுரபி குடும்பம்

ஹைதராபாத்: அமெரிக்காவின் பழைய இசை நாடகங்களுக்கு நியூயார்க் நகரின் பிராட்வே அரங்குகளில் எப்போதும் மறுபிறவி உண்டு. 1975-ல் அரங்கேறிய ‘சிகாகோ’ 1996-ல் மீண்டும் மேடையேறி, கால் நூற்றாண்டைக் கடந்து ஓடியது. 1959-ல் பிறந்த ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ 2023 மே மாதம் மும்பையில் நீதா முகேஷ் அம்பானி கலாசார மையத்துக்கே வந்து சேர்ந்தது. பெரும் முதலீடு, பெரும் விளம்பரம். பழைய நாடகத்தை மீண்டும் போடுவது அங்கே ஒரு தொழில்.

ஹைதராபாதில் வேறொரு கதை. இங்கே பழைய இசை நாடகத்துக்கு மறுபிறவி தேவைப்படவில்லை. அது சாகவே இல்லை. 1885-ல் கடப்பை மாவட்டத்தின் சுரபி கிராமத்தில் வனாரச கோவிந்தராவ் ‘கீசக வதம்’ நாடகத்தை மேடையேற்றினார். தோல்பாவைக் கூத்தை விட்டு மனிதர்களே வேடமிட்டு நடிக்கத் தொடங்கிய குடும்பம் அது. தமிழகத்துத் தோல்பாவைக் கூத்தர்களைப் போலவே இவர்களுக்கும் மராத்திய வேர் உண்டு. கிராமத்தின் பெயரே குடும்பத்தின் பெயராயிற்று. ஒரு காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட சுரபிக் குழுக்கள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டன. இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

தமிழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடத்தையும் சிறுவர்களே ஏற்றார்கள். சுரபியிலோ தொடக்க காலத்திலேயே குடும்பத்துப் பெண்கள் மேடையேறிவிட்டனர். அன்றைய சமூகத்தில் இது சாதாரணத் துணிச்சல் அல்ல. முதல் தெலுங்குப் பேசும் படமான ‘பக்த பிரகலாதா’வில் (1932) நடித்த கமலாபாய் இந்தக் குடும்பத்தவர், தாய் மேடையில் நடித்துக்கொண்டிருந்தபோதே பிறந்தவர் என்று சொல்லப்படுவதுண்டு. அப்படத்தை இயக்கிய எச்.எம்.ரெட்டிதான் நம் ‘காளிதாஸ்’ படத்தையும் இயக்கியவர்.

‘மாயாபஜார்’, ‘பாதாள பைரவி’ என்றால் தமிழ் வாசகர்களுக்குத் திரைப்படங்களே நினைவுக்கு வரும். சுரபியின் மேடையில் அவை ஆர்மோனியம், தபேலா, ராகத்தோடு பாடப்படும் பத்தியங்கள் என்று நிகழ்கின்றன. வண்ணம் தீட்டிய திரைகள் நொடியில் மாறுகின்றன. நாரதர் மேலிருந்து இறங்குகிறார். அம்புகள் நடுவானில் மோதித் தீப்பொறி பறக்கிறது. எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கம்பியின் வேலை. கம்பியை இழுப்பவர் சற்று முன் அரசனாக நின்றவராகவும் இருக்கலாம். ஆர்.எஸ்.மனோகரின் ‘இலங்கேஸ்வரன்’ பார்த்தவர்களுக்கு இந்தப் பரவசம் புரியும். மனோகரோடு நம் ஊரில் அது பெரும்பாலும் முடிந்துபோனது.

பழமையில் உறைந்துவிட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. தேசிய நாடகப் பள்ளியின் முன்னாள் இயக்குநர் பி.வி.காரந்த் 1990-களில் இவர்களோடு பணியாற்றினார். பிரெக்டின் நாடகமொன்று, ‘பஸ்தி தேவதா யாதம்மா’ என ஹைதராபாத் குடிசைப் பகுதிக்கு இடம் மாறியது.

நாம்பள்ளி பொதுப்பூங்காவின் லலித கலா தோரணம் அரங்கில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா சுரபி குழு பல ஆண்டுகள் நாடகம் நடத்தியது. அதை வழிநடத்திய சுரபி பாப்ஜிக்கு (ஆர்.நாகேஸ்வர ராவ்) 2013-ல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2022-ல் அவர் மறைந்தார். அதற்கு முன்பே, 2020 ஊரடங்கு அரங்குகளை மூடியபோது, அன்றாட வருவாயை நம்பிய குடும்பங்கள் தவித்தன. 2014-ல் மாநிலம் பிரிந்தபின் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது: பிறந்த ஊர் ஆந்திரத்தில், வாழும் ஊர் தெலங்கானாவில்.

எஞ்சியிருப்பது தில்லி. மத்திய கலாசார அமைச்சகம் நாடகக் குழுக்களுக்கு ‘குரு–சிஷ்யப் பரம்பரை’ என்ற பெயரில் மாத உதவித்தொகை வழங்குகிறது. நிபுணர் குழுவின் பரிந்துரைப்படி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது அது. ஒரு குருவும் சில சீடர்களும் கொண்ட இசைப் பள்ளிக்கு அந்தக் கணக்குப் பொருந்தலாம். சிறுவயதில் பிரகலாதனாக மேடையேறி, வளர்ந்தபின் கதாநாயகனாகி, முதுமையில் திரை இழுப்பவர் இந்தக் குடும்பத்தில் குருவா, சீடரா? பெயர்த்தியைத் தூங்கவைத்துவிட்டு யசோதையாக வரும் பாட்டியை எந்தப் பத்தியில் எழுதுவது? பிள்ளைகள் கல்லூரிக்கும் வேலைக்கும் போகத் தொடங்கிவிட்ட நிலையில், விண்ணப்பப் படிவத்தில் இதற்கு இடமில்லை.