பாய்மரப் படகுப் பந்தயமும் வாழ்க்கைப் பருவங்களும்

உடல்வலிமை ஒன்றே வெற்றி தருமாயின், விளையாட்டு இளையோர்க்கே உரியதாகிவிடும். பாய்மரப் படகுப் பந்தயமோ அத்தகையதன்று. காற்றின் போக்கையும் நீரோட்டத்தையும் முன்னுணரும் பட்டறிவும் அதற்கு வேண்டும்.

1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த ‘ஆப்டிமிஸ்ட்’ சிறுவர்க்குரியது. ஒருவரே செலுத்தும் அப்படகில் 15 வயது வரையினரே போட்டியிடுவர். உடல் வளர வளரப் படகும் மாறும். பின்னர்த் தொழிலும் இல்லறமும் மகப்பேறும் ஓய்வுநாள்களைக் கவர்ந்துகொள்ள, பலர் கரையிலேயே நின்றுவிடுகின்றனர். அவர்களைத் தடுப்பது முதுமையன்று, நேரமின்மையே.

மீள்வோர்க்கும் வழியுண்டு. ‘லேசர்’ படகின் மூத்தோர் போட்டிகளில் 45, 55, 65, 75 வயதுகளில் தொடங்கும் பிரிவுகள் உள்ளன. பலர் செலுத்தும் பெரும்படகிலோ, முதியவர் சுக்கான் பிடிக்க இளையவர் பாய்க்கயிறு இழுக்கலாம்.

நான்கு ஒலிம்பிக் தங்கங்களை வென்ற டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோம், 1984ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில், தம் 56ஆம் வயதில், மகள் டிரினுடன் ஒரே படகில் போட்டியிட்டு நான்காம் இடம் பெற்றார். தந்தையின் பட்டறிவும் மகளின் இளமையும் அங்கே ஒன்றையொன்று நிறைவுசெய்தன.

ஆகவே, படகுக் கழகங்கள் சிறுவரைப் பயிற்றுவதோடு அமையாது, பெற்றோரையும் படகில் ஏற்றுதல் வேண்டும். கரையில் காத்திருப்போர் கடலுக்குத் திரும்பினாலன்றி இவ்விளையாட்டு தலைமுறைதோறும் தழைக்காது.