ஆண்கள் வேதபாடத்துக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?

(ஒலிப்பதிவில் பேசியது, வாசிப்பதற்கு ஏற்றபடி சற்றுத் திருத்தித் தரப்பட்டுள்ளது.)

இந்த நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்கிற பல பேர் ஒரே கேள்வியை அனுப்புறீங்க. "அண்ணாச்சி, எங்க சபையில ஆண்களுக்குன்னு ஒரு வேதபாடம் ஆரம்பிச்சிருக்கோம். முதல் ரெண்டு மாசம் நல்லா போச்சு. இப்போ என்ன தலைப்பு எடுக்கிறதுன்னு தெரியல. ஒரு பட்டியல் கொடுங்க."

பட்டியல் தரேன். அதுக்கு முன்னால, நான் தப்பாகத் தேர்ந்தெடுத்த ஒரு தலைப்பைப் பற்றிச் சொல்லியாகணும். அதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் கொடுத்தால், நீங்களும் அதே தப்பைப் பண்ணுவீங்க.

எட்டு மாதம் படித்தது

பாளையங்கோட்டையில் எங்க குழு சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குக் கூடும். ஓய்வுநாள் பள்ளி அறையில பதினாலு பேர். ரிட்டயர்டு வாத்தியார்கள் ரெண்டு பேர், ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருத்தர், மின்வாரியத்தில் ஒருத்தர், பேங்குல ஒருத்தர், சொந்தக் கடை வைத்திருக்கிறவர்கள் சிலர். எல்லாருக்கும் பிடித்த மாதிரி ஒன்று எடுக்கணும்னு நான் வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்தேன். ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம் என்று சார்ட் போட்டு ஒட்டினேன். வருகை அருமையா இருந்தது. மழை பெய்தாலும் வந்தாங்க. எனக்குப் பெருமைதான்.

அதில் ஒரு தம்பி, சின்னதா ஒரு எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவர், ஒரு வாரம்கூட விடமாட்டார். எட்டாவது மாதம் திடீர்னு நின்னுட்டார். போன் பண்ணினேன். "கொஞ்சம் வேலை அண்ணாச்சி" என்றார். ரெண்டு வாரம் கழித்து பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவர் மனைவி என் மனைவியிடம் அழுதிருக்காங்க. கடையை மூடி ஒரு மாசம் ஆச்சு. தாலிக்கொடி தவிர நகை எல்லாம் அடகுல இருக்கு. அதுவும் போதாமல் பத்து வட்டிக்கு வாங்கியிருக்கார். நூறு ரூபாய்க்கு மாசம் பத்து ரூபாய். வட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து உட்காருவதால, பல ராத்திரி அவர் பஸ் ஸ்டாண்டுல போய் இருந்துட்டு விடியிற நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருவாராம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் என் பக்கத்து நாற்காலியில எட்டு மாசம் உட்கார்ந்திருந்தவர். யோசித்துப் பார்த்தபோது ஞாபகம் வந்தது. ஒரு சனிக்கிழமை அவர், "ஒரு குடும்பக் காரியத்துக்காக ஜெபிங்க" என்று சொன்னார். நாங்க ரெண்டு வரியில ஜெபித்துவிட்டு ஆறாவது கலசத்துக்குப் போயிட்டோம்.

அவரைப் போய்ப் பார்த்தேன். "ஏன்டா தம்பி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "எங்க அண்ணாச்சி சொல்றது? நாம பேசுற எதுலயும் இதைச் சொல்ல இடமே இல்லையே."

இதை உங்களிடம் பேர் சொல்லாமல் சொல்ல அவரே அனுமதி கொடுத்தார்.

தப்பு எங்கே?

வெளிப்படுத்தின விசேஷத்தின் மேல் தப்பு இல்லை. உபத்திரவப்பட்ட சபைகளுக்கு எழுதின புஸ்தகம் அது. ரெண்டாம், மூன்றாம் அதிகாரங்களில் ஏழு சபைகளுக்கும் தனித்தனியா, அவங்கவங்க நிலைமையைத் தொட்டுக் கடிதம் இருக்கு. நான் அந்த ரெண்டு அதிகாரத்தையும் ஒரே வாரத்துல முடிச்சிட்டு சார்ட்டுக்கு ஓடினேன்.

ஆம்பளைங்க நமக்கு ஒரு பழக்கம் உண்டு. தகவலைப் பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவோம். நம்ம காரியத்தைப் பேசச் சொன்னால் தொண்டை அடைச்சுக்கும். அதனால, நம்மைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் ஒரு மணி நேரம் பேச வழி கொடுக்கிற தலைப்பு எதுவோ அதைத்தான் நாமாகவே தேடிப் போவோம். அந்தத் தலைப்புக்குக் கூட்டமும் சேரும். வருகையைப் பார்த்து நான் ஏமாந்தது அங்கேதான்.

ஆகவே தலைப்பு எடுக்கும்போது இப்போ நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: பாரத்தோடு வந்த ஒருத்தர் தன் பாரத்தை வாய்விட்டுச் சொல்ல இந்தத் தலைப்பில் இடம் இருக்கா?

பார்க்க வேண்டிய மூன்று காரியங்கள்

ஒன்று, தலைப்பை முதலில் வைக்காதீங்க. வேதபகுதியை முதலில் எடுங்க. "கோபம்" என்று தலைப்பு வைத்தால் ஆளாளுக்கு ஒரு பிரசங்கம் பண்ணுவோம். 1 சாமுவேல் 25-ஐ எடுத்தால், அங்கே ஒரு மனுஷன் நானூறு பேரைக் கூட்டிக்கிட்டு வாளோடு புறப்பட்டுப் போறான். ஒரு மனுஷன் தடுமாறுகிற, ஒரு முடிவு எடுக்கிற இடமா இருக்கணும். பகுதி இருபத்தைந்து வசனத்துக்குள்ளே இருந்தால் நல்லது. மேலே சொன்ன அதிகாரம் நீளம். அபிகாயில் தாவீதைச் சந்திக்கிற பகுதியை மட்டும் வாசித்தால் போதும்.

இரண்டு, ஓய்வுநாள் பள்ளிப் பதில் வருகிற கேள்வியைக் கேட்காதீங்க. "நாம் கோபப்படலாமா?" என்று கேட்டால் பதினாலு பேரும் "கூடாது" என்பார்கள். வீட்டுக்குப் போயிடுவோம். அதே பகுதியிலிருந்து இப்படிக் கேளுங்க: "தாவீதை வழியில் ஒரு பெண் வந்து நிறுத்தினாள். உங்களைக் கடைசியா அப்படி நிறுத்தினது யார்? நின்னீங்களா?" இதுக்குச் சரியான பதில், தப்பான பதில் என்று கிடையாது. அவனவன் பதில்தான்.

மூன்று, ஆட்டோ ஓட்டுகிற தம்பியும் ரிட்டயர்டு வாத்தியாரும் ஒரே மாதிரி பதில் சொல்லக்கூடியதா இருக்கணும். சரித்திரம், கிரேக்கம், எபிரெயம் தெரிந்தால்தான் பேச முடியும் என்றால் மூணு பேர் பேசுவாங்க, பதினொரு பேர் தலையாட்டுவாங்க. இதுல மொழியும் ஒரு காரணம். சபையில் நாம் வாசிக்கிற பழைய திருப்புதல், 1871-ல் ஹென்றி பவர் காலத்தில் வந்த மொழிபெயர்ப்பை ஒட்டினது. காதுக்கு இனிமை. ஆனா இருபத்தைந்து வயதுப் பையனுக்குச் சில வார்த்தைகள் புரியாது. கூடவே எளிய தமிழில் உள்ள இன்னொரு மொழிபெயர்ப்பையும் வாசிங்க.

தலைப்பை யார் தேர்ந்தெடுப்பது?

நான் தனியாகத் தேர்ந்தெடுக்கிறதை நிறுத்திட்டேன். ஒரு சனிக்கிழமை எல்லாருக்கும் ஒரே மாதிரி துண்டுச் சீட்டு, ஒரே மாதிரி பேனா கொடுத்தேன். பேர் எழுத வேண்டாம் என்றேன். "இந்த மாதம் உங்க தூக்கத்தைக் கெடுத்தது எது? ஒரே வரி" என்று கேட்டேன். காணிக்கைப் பையைச் சுற்ற விட்டேன். யார் போட்டது எதுன்னு யாருக்கும் தெரியாது.

வந்த சீட்டுகளில் அஞ்சு கடனைப் பற்றி. நாலு பிள்ளைகளைப் பற்றி. ரெண்டு அண்ணன் தம்பி சொத்துப் பிரச்சினை. ஒன்று வேலை செய்கிற இடம். ஒருத்தர் "ஒன்றுமில்லை, சோர்வு" என்று எழுதியிருந்தார். ஒரு சீட்டு வெறுமையா வந்தது. வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றி ஒரு சீட்டுகூட இல்லை.

கேட்ட பட்டியல் இதோ

அந்தச் சீட்டுகளை வைத்து நாங்கள் எடுத்தது:

சோர்வு: 1 இராஜாக்கள் 19-ன் முதல் எட்டு வசனங்கள். கர்மேலில் ஜெயித்து வந்த எலியா, சூரைச்செடியின் கீழே படுத்துச் சாக விரும்புகிறார். தேவதூதன் பிரசங்கம் பண்ணலை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடச் சொல்லி, ரெண்டு தரம் எழுப்புறான். கேள்வி: "நீங்க களைச்சிருந்தபோது உங்களுக்குப் புத்தி சொன்னது யார்? சாப்பாடு போட்டது யார்?"

சொத்து: ஆதியாகமம் 13. நிலம் போதாமல் மேய்ப்பர்களுக்குள் சண்டை. பெரியவரான ஆபிராம் லோத்துவை முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். கேள்வி: "பங்கு பிரிக்கும்போது நீங்க விட்டுக்கொடுத்ததும் உண்டா, விடாமல் பிடிச்சதும் உண்டா?"

பிள்ளைகள்: 2 சாமுவேல் 14, 21-ம் வசனத்திலிருந்து. அப்சலோம் ஒரே எருசலேமில் ரெண்டு வருஷம் அப்பா முகத்தைப் பார்க்காமல் இருக்கிறான். கேள்வி: "ஒரே வீட்டில் இருந்தும் நாம பேசாத பிள்ளை உண்டா? அந்த மவுனம் எந்த நாள்ல தொடங்கினது?"

வேலை: தானியேல் 6-ன் முதல் ஒன்பது வசனங்கள். குற்றம் தேடினவர்களுக்கு அவருடைய வேலையில் ஒன்றும் அகப்படலை. கேள்வி: "நம்ம பைலை யாராவது புரட்டினால் எந்தப் பக்கத்தில் நமக்கு வேர்க்கும்?"

கடன்: நெகேமியா 5. இதைப் பற்றிப் பிறகு சொல்றேன்.

வரிசையையும் கவனிங்க. சோர்வை முதலில் எடுத்தோம், ஏன்னா "களைப்பா இருக்கு" என்று சொல்ல யாருக்கும் வெட்கமில்லை. கடனை அஞ்சாவது வாரத்தில்தான் எடுத்தோம். முதல் வாரமே எடுத்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டாங்க. கேள்விக்கு முதல் பதில் நடத்துகிறவருடையதா இருக்கட்டும். நீங்க மேலோட்டமா சொன்னால் எல்லாரும் மேலோட்டமாத்தான் சொல்வாங்க.

எடுக்கக் கூடாதவை

திருமண்டலத் தேர்தலை எடுக்காதீங்க. காரணம் உங்களுக்கே தெரியும்.

அங்கே இல்லாதவங்களைப் பற்றி எடுக்காதீங்க. "மனைவிமார் எப்படி இருக்க வேண்டும்" என்று எடுத்தால் ஆண்கள் உற்சாகமாகப் பேசுவோம். ஒருத்தனும் மனம் திரும்ப மாட்டான்.

முக்கியமா, ஒரு ஆளைக் குறி வைத்து எடுக்காதீங்க. ஒருத்தர் குடிக்கிறார் என்று தெரிந்து அடுத்த வாரமே குடியைப் பற்றி எடுத்தால், அவருக்கு அது நிச்சயம் தெரியும். மறுவாரம் வரமாட்டார். அவர்கிட்ட பேசணும்னா வீட்டுக்குப் போய்ப் பேசுங்க. நெகேமியா 5-ஐ எடுக்கும் முன்னால நான் அந்தத் தம்பியிடம் கேட்டேன். "எடுங்க அண்ணாச்சி. எனக்கு மட்டும் இல்லையே, அஞ்சு சீட்டு வந்துச்சுல்ல" என்றார்.

நெகேமியா 5 எடுத்த சனிக்கிழமை

பஞ்சத்தில் ஜனங்கள் வயல், திராட்சத்தோட்டம், வீடு எல்லாவற்றையும் அடகு வைக்கிறாங்க. ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கறாங்க. பிள்ளைகளே அடிமையாப் போறாங்க. கடன் கொடுத்தது வேற யாருமில்லை, சொந்த ஜனம். அங்கே நூற்றில் ஒரு பங்கு என்று வருது. மாதத்துக்கு ஒரு சதவீத வட்டி என்று வேத விளக்கக்காரர்கள் பலர் சொல்றாங்க. நம்ம ஊர்க் கணக்கில் ஒரு ரூபாய் வட்டி. அதையே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார் நெகேமியா. நம்ம தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிரா 2003-லேயே சட்டம் வந்தது. அதுக்கு அப்புறமும் 2017-ல் இதே நெல்லையில், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததை நாம மறக்க முடியாது.

பத்தாவது வசனத்தில் நெகேமியா, தானும் தன்னைச் சேர்ந்தவர்களும்கூடக் கடன் கொடுத்திருப்பதைச் சொல்கிறார். அதை வாசித்தபோது அறை அமைதியாயிடுச்சு. "கொடுத்தவங்க, வாங்கினவங்க, ரெண்டில் ஒன்றா நீங்க நின்ன நாள் எது?" என்று கேட்டு, நானே முதலில் என் தங்கை கல்யாணக் கடனைச் சொன்னேன். அப்புறம் ரெண்டு பேர். அப்புறம் அந்தத் தம்பி, தொகையோடு சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து, நாங்கள் எதிர்பார்க்காத ஒரு பெரியவர், "நானும் வட்டிக்குக் கொடுக்கிறேன்" என்றார். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை. அடுத்த வாரம் அவர் வரலை. அதுக்கு அடுத்த வாரம் வந்தார். என்ன செய்தார், செய்யலைன்னு நாங்க கேட்கலை. கேட்டிருக்கணுமோ என்று எனக்கு இன்னும் ஒரு உறுத்தல் உண்டு.

நானும் அன்றைக்கு ஆலோசனை சொல்லத் துடித்தேன். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவங்களாத்தான் இருந்தாங்க, வாயைத் திறந்த பிறகுதான் கெட்டுப்போச்சு. அதை நினைத்து என்னை அடக்கிக்கொண்டேன்.

தம்பியின் கடன் தீரலை. கடையும் திறக்கலை. இன்னொருத்தர் கடையில் வேலை பார்க்கிறார். ஆனா வட்டிக்காரரிடம் பேச ரெண்டு பேர் அவர்கூடப் போனோம். எங்க பேங்க் சகோதரர், அடகுக் கடையில இருந்த நகையை மீட்டு, குறைந்த வட்டிக்கு வங்கி நகைக்கடனா மாற்ற உதவினார். இப்போ அவர் ராத்திரி வீட்டில்தான் தூங்குகிறார்.

சகோதரர்களே, இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டாம். வருகிற சனிக்கிழமை முதலில் துண்டுச் சீட்டைக் கொடுங்க. உங்க குழுவுக்கான தலைப்பு அதில் வரும். வந்ததை எனக்கும் எழுதி அனுப்புங்க, அடுத்த பகுதியில் பேசலாம். கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.